என் சக்களத்தி ஒரு குதிரை!

"மாப்பிள்ளை எங்கட்டி? சத்தத்தையே காணோம்?"

ஞாயிற்றுக்கிழமைதோறும் கழுகுமலையிலிருந்து அம்மா போனில் கேட்கிற முதல் கேள்வி இதுதான்.

"காருக்கு அடியில படுத்திருக்காரும்மா."

"இன்னுமா? போன வாரமும் அங்கனதான படுத்திருந்தாரு! சாப்பிட்டாரா இல்லையா?"

சாப்பிட்டார், சாப்பிட்டார். இட்லித் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, காரின் முன் சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். சக்கரம் அப்போது எங்கள் துணி துவைக்கும் அறையில் இருந்தது.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலம். கார்களின் தலைநகரம் என்று பெயர் வாங்கிய டெட்ராய்ட்டிலிருந்து அரை மணி நேரத்தில் வந்துவிடலாம். இவருக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. எனக்குக் கழுகுமலை. இரண்டுக்கும் நடுவே 20 கிலோமீட்டர் சொச்சம்தான். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் ஒரு பொட்டலம் கடலை மிட்டாய் தீர்வதற்குள் வந்துவிடும். ஆனால் குணத்தில் நாங்கள் இரண்டு பேரும் வடக்கும் தெற்கும். எனக்கு வீட்டில் ஒரு சாமான் பழசானால் வெளியே போய்விட வேண்டும். இவருக்கோ, வெளியே கிடக்கிற பழசெல்லாம் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும்.

அப்படித்தான் 2019 அக்டோபரில் ஒரு டிரக்கின் முதுகில் ஏறி அந்தக் கார் வந்து இறங்கியது. 1967-ம் வருஷத்து போர்டு மஸ்டாங். ஒரு கிழவரின் தோட்டத்தில் பல வருஷமாக மண்ணுக்குள் இறங்கிக் கிடந்ததாம். 6,500 டாலர். ஊரில் ஒரு வீட்டு மனைக்கென்று நான் மனசுக்குள் ஒதுக்கி வைத்திருந்த பணம். அடித்தளத் தகட்டில் என் தலை நுழைகிற அளவுக்கு ஓட்டை. சீட்டுக்குள்ளே எலி குடும்பம் நடத்தியிருந்தது.

"இதுக்கா இந்தப் பணம்?" என்றேன்.

"இது சும்மா கார் இல்ல. மஸ்டாங்னா காட்டுக் குதிரைன்னு அர்த்தம்" என்றார் இவர், மாப்பிள்ளை அழைப்பில் உட்கார்ந்திருந்தபோதுகூட இல்லாத பூரிப்போடு. அன்றைக்கே எனக்குச் சக்களத்தி வந்துவிட்டாள் என்று புரிந்துபோயிற்று.

அந்தக் காருக்கு ஏன் இத்தனை மவுசு என்று நானும் மெல்ல மெல்லத்தான் தெரிந்துகொண்டேன். 1960-களில் அமெரிக்காவில் போருக்குப் பின் பிறந்த பிள்ளைகளெல்லாம் வளர்ந்து கையில் சம்பளத்தோடு நின்ற நேரம். நடுத்தர அளவுக் காருக்குள் பெரிய இஞ்ஜினைத் தூக்கி வைத்து, விலையைக் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்து விற்றார்கள். அதற்கு 'மசில் கார்' என்று பெயர் வந்தது. மசில் என்றால் தசை. புஜபலம் உள்ள வண்டி என்று வைத்துக்கொள்ளுங்களேன். 1964-ல் வந்த பாண்டியாக் ஜி.டி.ஓ. தான் இந்த வம்சத்துக்கு மூத்தது என்பார்கள். அதே 1964-ல் ஏப்ரல் 17-ம் தேதி நியூயார்க் உலகக் கண்காட்சியில் மஸ்டாங் வெளியானது. முதல் நாளிலேயே 22,000 ஆர்டர்கள்! இரண்டே வருஷத்தில் பத்து லட்சம் வண்டிகள்! மஸ்டாங்கை மசில் காரில் சேர்ப்பதா, 'குட்டிக் குதிரைக் கார்' என்று தனி ஜாதியாக வைப்பதா என்று இவரும் இவர் நண்பர்களும் ராத்திரி பதினோரு மணி வரை சண்டை போடுவார்கள். நடுவில் எனக்கு மூன்று தடவை காப்பி போடுகிற வேலை.

எங்களுடையதில் இருப்பது எட்டு சிலிண்டர், 4.7 லிட்டர் இஞ்ஜின். நம் ஊர் மாருதி 800-ன் இஞ்ஜினை ஏறக்குறைய ஆறு சேர்த்தால் எவ்வளவோ அவ்வளவு. இந்த இஞ்ஜின்கள் பெட்ரோலை எப்படிக் குடித்திருக்கும் என்று சொல்ல வேண்டாம். 1970-ல் அமெரிக்காவில் காற்று மாசுச் சட்டம் கடுமையானது. இன்ஷூரன்ஸ் ஏறியது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் இந்தப் பயில்வான்களின் கொட்டம் அடங்கியது. அதனால்தான் மிச்சம் இருக்கிறவற்றுக்கு இன்றைக்கு இந்த மதிப்பு.

காருக்கும் ஜாதகம் உண்டு, தெரியுமா? உடம்பில் அடித்திருக்கும் நம்பரின் முதல் இலக்கம் 7 என்றால் 1967. அடுத்த எழுத்து எப் என்றால் டியர்பார்ன் தொழிற்சாலையில் பிறந்தது. அதற்கு அப்புறம் வருவது மேல்கூரை என்ன வகை, இஞ்ஜின் எது என்கிற விவரம். கதவில் இருக்கும் தகட்டைப் பார்த்தால் முதலில் அடித்த பெயிண்ட் நிறம்கூடச் சொல்லிவிடலாம். டியர்பார்ன் எங்கள் வீட்டிலிருந்து பக்கம்தான். பிறந்த வீட்டுக்குப் பக்கத்திலேயே வந்து விழுந்திருக்கிறாள் என் சக்களத்தி. நான்தான் எண்ணாயிரம் மைல் தள்ளி வந்து கிடக்கிறேன்!

பழைய அமெரிக்கக் கார் எங்கள் குடும்பத்துக்குப் புதிதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அம்மாவின் அப்பா, கோவில்பட்டிப் பக்கம் ஒரு பருத்தி ஜின்னிங் பாக்டரி முதலாளிக்கு டிரைவர். எங்கள் கரிசல் சீமையில் அந்தக் காலத்தில் காரைக் கார் என்று யார் சொன்னார்கள்? 'பிளசர்' என்றுதான் சொல்வார்கள். "முதலாளி பிளசர் வருது, ஒதுங்குங்கடா!" தாத்தா ஓட்டியது ஒரு பிளிமத். அப்போது அமெரிக்கக் கார்கள் நம் ஊருக்குத் துண்டு துண்டாக வந்து இங்கேதான் பூட்டப்பட்டன. போர்டு கம்பெனி 1926-ல் இந்தியாவில் கால் வைத்து, சென்னையிலும் கார்களைப் பூட்டி விற்றது; 1950-களில் கடையைக் கட்டிக்கொண்டு போனது. பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் டாட்ஜையும் பிளிமத்தையும் பூட்டியது. மதுரை டி.வி.எஸ்.காரர்கள் செவர்லே விற்றார்கள். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது வண்டிக்குப் பின்னால் கரி அடுப்பு மாதிரி ஒரு கேஸ் பிளான்ட்டை மாட்டி, கரிப் புகையில் ஓட வைத்தார்கள்.

தாத்தாவின் பிளிமத்துக்கும் பிற்பாடு பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை. இஞ்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இஞ்ஜின் வைத்தார்கள். அப்போது தமிழ்நாட்டில் பல அமெரிக்கக் கார்களுக்கு நடந்த ஆபரேஷன்தான் இது. "பார்க்க மகாராணி, சத்தம் மட்டும் லாரி" என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள். கடைசியில் அது பேரீச்சம்பழத்துக்குப் போயிற்று. இன்றைக்கு யாராவது அப்படி ஒரு வண்டி வைத்திருந்தால் போட்டுவிடாதீர்கள். 50 வருஷத்துக்கு மேலான வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு தனியாக ஒரு பதிவு முறை கொண்டுவந்திருக்கிறது. நம்பரில் 'வி.ஏ.' என்று எழுத்து வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம். கண்காட்சி, பேரணி என்று ஓட்டலாம்; தினமும் மார்க்கெட்டுக்கு ஓட்ட முடியாது.

சரி, எங்கள் ஷெட்டுக்கு வருகிறேன். முதல் ஆறு மாதம் இவர் கழற்றினார், கழற்றினார், கழற்றிக்கொண்டே இருந்தார். போல்ட், நட், கிளிப், ஸ்பிரிங் என்று தரையெல்லாம் இரைந்து கிடந்தது. பார்க்கப் பொறுக்கவில்லை எனக்கு. "நாலு பருப்பை ஒண்ணாக் கொட்டி வச்சுட்டு, அப்புறம் எது துவரை எது கடலைன்னு தேடுவீங்களா?" என்று கேட்டுவிட்டு நானே இறங்கினேன். ஒவ்வொரு பாகத்திலிருந்து வந்ததையும் தனித்தனிப் பிளாஸ்டிக் பைகளில் போட்டு, மேலே பேர் எழுதி, கழற்றும் முன் போட்டோ எடுத்து வைத்தோம். அடிக்கடி தேவைப்படுகிற சின்னத் திருகாணிகளுக்கு என் பழைய அஞ்சறைப் பெட்டி! இரண்டு வருஷம் கழித்துத் திரும்பப் பூட்டும்போது ஒரு கிளிப் கூடக் குறையவில்லை என்று இவர் நண்பர்களிடம் பெருமையடித்துக்கொள்கிறார். அஞ்சறைப் பெட்டி யாருடையது என்பதை மட்டும் சொல்வதில்லை.

துருதான் பெரிய எதிரி. இங்கே பனிக்காலத்தில் ரோட்டில் உப்பைக் கொட்டுவார்கள். அது காரின் வயிற்றைத் தின்றுவிடும். நம் கரிசல் காட்டு வெயிலில் அந்தக் கஷ்டம் இல்லை. இந்த மாடலில் முன் கண்ணாடிக்குக் கீழே காற்று வருகிற ஒரு தொட்டி மாதிரி அமைப்பு இருக்கிறது. அதில் இலை சேர்ந்து, ஈரம் தங்கி, துருப்பிடித்து, மழை பெய்தால் காலில் ஒழுகும். பல மஸ்டாங்குகளுக்கு உள்ள பிறவி வியாதி. துருப்பிடித்ததை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். நல்ல வேளை, இந்தக் காருக்கு ஏறக்குறைய எல்லா பாகமும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். சில மாடல்களுக்கு முழுக் கூடே கிடைக்கிறது. வாங்கத்தான் பணம் வேண்டும்!

இப்படியே 2020 போயிற்று, கொரோனா போயிற்று, 2021 நவம்பரில் எங்கள் மகன் பிறந்தான். கார் அப்படியே நின்றது. எங்கள் ஊர் மலையில் வெட்டுவான் கோவில் இருக்கிறதே, பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து, சிகரமெல்லாம் முடித்து, அடிப்பாகத்தைச் செதுக்காமல் ஆயிரம் வருஷத்துக்கு மேலாக அப்படியே நிற்கிறதே, ஷெட்டுக்குள் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஞாபகம் வரும். "பாண்டியன் சிற்பிக்கு நீங்க சொந்தக்காரரா?" என்று இவரைக் கேலி செய்வேன்.

2022 டிசம்பர் வரைக்கும் கேலியாகத்தான் இருந்தது.

இங்கே குழந்தைக்கு ஒரு வயசானதும் ரத்தத்தில் காரீயம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்தார்கள். நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. இரண்டு நாளில் டாக்டரம்மா கூப்பிட்டார். அளவு கூடுதலாக இருக்கிறது, கை நரம்பில் எடுத்து மறுபடி பார்க்க வேண்டும் என்றார். இரண்டாவது முடிவு ஒன்பது. அதாவது ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 9 மைக்ரோகிராம். 3.5-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்று 2021-ல் அமெரிக்க அரசு நிர்ணயித்திருக்கிறது. உண்மையில் இவ்வளவு வரை இருந்தால் பயமில்லை என்று சொல்ல எந்த அளவும் கிடையாது என்றார் டாக்டரம்மா.

காரீயம் குழந்தைக்கு என்ன செய்யும்? குறைந்த அளவில் இருந்தால் வயிறு வலிக்காது, காய்ச்சல் வராது. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். உள்ளே மூளை வளர்ச்சியில் கை வைக்கும். 1979-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக ஹெர்பர்ட் நீடில்மேன் என்ற டாக்டர், பள்ளிக் குழந்தைகளின் விழுந்த பால் பற்களை வாங்கினார். 2,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் பற்கள்! அவற்றில் காரீயம் அதிகம் உள்ளவர்களையும் குறைவாக உள்ளவர்களையும் ஒப்பிட்டார். பார்வைக்கு எந்த நோயும் இல்லாத பிள்ளைகள்தாம். ஆனாலும் காரீயம் அதிகமுள்ளவர்கள் அறிவுச் சோதனையில் பின்தங்கினார்கள். ஒரு இடத்தில் உட்கார்ந்து கவனிக்க முடியவில்லை என்று டீச்சர்கள் சொன்னார்கள். நாம் பல் விழுந்தால் கூரை மேல் எறிகிறோம். அந்தப் பற்களுக்குள் இவ்வளவு செய்தி இருந்திருக்கிறது!

பையனைப் பார்த்தேன். தரையில் தவழ்ந்து ஒரு ஸ்பூனை வாயில் வைத்துச் சிரித்தான். அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை.

சுகாதார இலாகாவிலிருந்து ஒரு நர்ஸ் வீட்டுக்கு வந்தார். வீட்டுப் பெயிண்டிலா என்று முதலில் பார்த்தார். அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் காரீயத்தை 1978-ல் தடை செய்துவிட்டார்கள். எங்கள் வீடு அதற்கு அப்புறம் கட்டியது. தண்ணீரும் சரி. பிறகு என் பக்கம் திரும்பினார். "குழந்தைக்குக் கண் மை இடுவீர்களா? ஊரிலிருந்து மஞ்சள் பொடி வருகிறதா? பாத்திரங்களைப் பார்க்கலாமா?"

எனக்குச் சுருக்கென்றது. மை அம்மா விளக்கெண்ணெய் விளக்கில் கரி பிடித்துச் செய்து அனுப்பியது. மஞ்சள் வீட்டில் காயவைத்து அரைத்தது. ஈயச் சொம்பு பாட்டியுடையது. ரசத்துக்கு அது இல்லாமல் எனக்கு ஆகாது. 'நம்ம சாமான் என்றாலே இவர்களுக்குச் சந்தேகம்தான்' என்று உள்ளுக்குள் பொருமினேன். ஆனாலும் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தேன். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. கடையில் விற்கிற சில சுர்மாக்களில் காரீயம் உண்டு. மஞ்சள் பளிச்சென்று தெரிய காரீயம் கலந்த சாயத்தைச் சேர்க்கிற பாவிகள் இருக்கிறார்கள். ரசச் சொம்பு செய்ய வேண்டியது வெள்ளீயத்தில்; விலை குறைய வேண்டுமென்று காரீயத்தைக் கலந்துவிடுகிறவர்களும் உண்டு. எங்கள் சொம்பு சோதனையில் தப்பித்தது. அதை வைத்து உங்கள் சொம்பும் அப்படித்தான் என்று நம்பிவிடாதீர்கள், தெரிந்த கடையில் கேட்டு வாங்குங்கள்.

போகிற நேரத்தில் வாசற்படியில் நின்று நர்ஸ் கேட்டார்: "உங்கள் கணவருக்குப் பொழுதுபோக்கு ஏதாவது உண்டா?"

நான் ஷெட் கதவைப் பார்த்தேன். இவர் தரையைப் பார்த்தார்.

அந்தக் காலத்தில் தொழிற்சாலையிலேயே மஸ்டாங்கின் கூரையும் பின்பக்கத் தகடும் சேர்கிற இடத்தில் ஈயப் பற்று வைத்து மெழுகிவிடுவார்கள். அதில் பெரும் பங்கு காரீயம். பழைய பெயிண்டிலும் காரீயம். அந்தக் கால பெட்ரோலிலும் காரீயம்! இஞ்ஜின் 'டொக் டொக்' என்று இடிக்காமல் இருக்க 1921-ல் தாமஸ் மிட்ஜ்லி என்பவர் கண்டுபிடித்த வழி அது. 1924-லேயே அதைத் தயாரித்த ஆலையில் தொழிலாளிகள் புத்தி பேதலித்துச் செத்தார்கள். அப்படியும் உலகம் முழுக்க ஓட்டினார்கள். அமெரிக்காவில் ரோட்டு வண்டிகளுக்கு அதை முழுதாகத் தடை செய்தது 1996-ல், நம் நாட்டில் 2000-ல். ஆக, பழைய காரைச் சுரண்டினால் வருவதெல்லாம் வெறும் தூசி இல்லை.

இவர் செய்தது என்ன? மகன் தூங்கிய பிறகு தினமும் ஒரு மணி நேரம் அந்தப் பற்று உள்ள இடத்தை மெஷினில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். தலை, சட்டை, மீசையெல்லாம் சாம்பல் பூத்தாற்போல் உள்ளே வருவார். பையன் விழித்து அழுதால் அப்படியே ஓடிப்போய்த் தூக்குவார். எவ்வளவு பாசமான அப்பா என்று நானும் பூரித்திருக்கிறேன். அந்தச் சட்டையைப் பையனின் துணிகளோடு சேர்த்து மெஷினில் போட்டதும் நான்தான். நர்ஸ் ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்துப் பார்த்ததில் ஷெட் வாசற்படி, துவைக்கும் அறைத் தரை, மெத்தை ஓரம் எல்லா இடத்திலும் காரீயத் தூசி!

அம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அழுதுகொண்டே சொன்னேன். அந்தப் பக்கம் சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டாள்:

"ஏட்டி, நான் பதினேழு வருசம் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவ. ஒருநாளாவது மருந்து அப்பின சேலையோட உங்களைத் தூக்கியிருக்கனா? நீ வாசல்ல நின்னு கத்துவ. கத்தட்டும்னு குளிச்சு, சேலைய மாத்திட்டுத்தான தூக்குவேன். மறந்துட்டியா?"

மறக்கவில்லை. சாயங்காலம் அம்மா வந்ததும் பின்கட்டுக்கு ஓடுவாள். எனக்கு அதில் கோபம் கோபமாய் வரும், மற்ற அம்மாக்கள் வந்ததும் தூக்குகிறார்களே என்று. படித்த நாங்கள் இரண்டு பேர் இருந்த வீட்டில் அந்த ஒரு பழக்கம் இல்லாமல் போயிற்றே!

அன்று ராத்திரி இவரிடம் சொல்லிவிட்டேன்: "காரை வித்துருங்க." இவர் ஒன்றும் பேசவில்லை. நாலு நாள் வீட்டில் பேச்சே இல்லை. ஐந்தாம் நாள் காலை எழுந்து பார்த்தால், துவைக்கும் அறைத் தரையை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். "விக்கச் சொன்னா வித்துடுறேன். ஆனா வித்தாலும் இந்தத் தூசி இங்கதான் இருக்கும். மொதல்ல இதைக் கழுவணும்" என்றார். அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

விளக்குமாற்றால் பெருக்கக்கூடாது, தூசி கிளம்பும். ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைத் தூர எறிந்தோம். மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கிற பில்டர் வைத்த வாக்குவம் கிளீனர் வாங்கினோம். மெத்தை, கம்பளம் போயே போயின. ஷெட்டுக்குத் தனிச் சட்டை, தனிச் செருப்பு. அவை வீட்டுப்படி ஏறாது. தனியாகத் துவைப்பது. குளித்த பிறகுதான் பிள்ளை. கூரையைச் சுரண்டுகிற மிச்ச வேலையை, அதற்குரிய அறையும் முகமூடியும் உள்ள ஒரு பட்டறைக்கு அனுப்பினோம். செலவு வலித்தது, ஆனால் வாக்குவாதம் செய்யவில்லை.

பையனுக்கு மருந்து தேவைப்படவில்லை. இந்த அளவுக்கு மருந்து கொடுப்பதில்லையாம். 45-ஐத் தாண்டினால்தான் ரத்தத்திலிருந்து காரீயத்தை இழுக்கிற சிகிச்சை. காரீயம் வருகிற வழியை அடைத்துவிட்டு, சாப்பாட்டைக் கவனியுங்கள் என்றார் டாக்டரம்மா. உடம்பில் இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்தால் காரீயம் அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். வெறும் வயிற்றில் அதிகமாக உறிஞ்சும். அதனால் காலையில் கேழ்வரகுக் கூழ், இடையில் பால், மத்தியானம் முருங்கைக்கீரை மசியலோ பருப்போ, கூடவே கீரையின் இரும்பு உடம்பில் சேர ஆரஞ்சோ தக்காளியோ. சிறுகச் சிறுகப் பல வேளை. சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவல். விரலைச் சப்புகிற பிள்ளைக்கு இதுதான் பாதி மருந்து.

கர்ப்பமாக இருக்கிற சகோதரிகளுக்கு இன்னொன்று. சின்ன வயசில் சேர்ந்த காரீயம் எலும்பில் தங்கியிருந்து, கர்ப்ப காலத்தில் எலும்பு கரைந்து பிள்ளைக்குச் சத்துப் போகும்போது கூடவே போகும். கணவர் பேட்டரி கடையிலோ, பெயிண்டிங் பட்டறையிலோ, பற்று வைக்கிற வேலையிலோ இருந்தால் வீட்டு வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் மாற்று வேட்டியும் தயாராக இருக்கட்டும். பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அந்தத் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊத விடாதீர்கள். பெட்ரோலையும் தின்னரையும் கூல்டிரிங் பாட்டிலில் ஊற்றி வைக்கிற வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். தவறிப்போய்க் குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும், நேரே ஆஸ்பத்திரிதான். மூடிய ஷெட்டுக்குள் இஞ்ஜினை ஓடவிடுவதும் ஆபத்து. அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது; தலைவலி என்று படுத்தவர்கள் எழுந்திருக்காமலே போனதுண்டு. பனிக்காலத்தில் கதவைத் திறந்தால் குளிர்கிறது என்று இவரும் ஒருநாள் முணுமுணுத்தார். அலாரம் வாங்கி மாட்டிய பிறகுதான் சாவியைக் கொடுத்தேன்.

2023 மார்ச்சில் பையனின் அளவு 6. செப்டம்பரில் 3.1. அந்தக் காகிதத்தை இரண்டு பேரும் மாறி மாறிப் படித்தோம். கார் விற்பனை பற்றி அதற்கு அப்புறம் யாரும் வாயைத் திறக்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் நானே ஷெட்டுக்குள் போனேன், ஊசியும் கையுமாக. சீட்டுக்கு உறை தைக்க ஒரு கடையில் சொன்ன கூலி எனக்கு அநியாயமாகப் பட்டது. ரெக்சின்தானே? அம்மாவின் தையல் மெஷினில் பழகின கைக்குத் தெரியாதா? பழைய உறையைத் தையல் பிரித்து, துண்டுகளை மாதிரியாக வைத்து வெட்டினேன். தடித்த ஊசி, நைலான் நூல், தையல் நெருக்கமாக விழக்கூடாது. நெருங்கினால் ரெக்சின் தபால்தலை மாதிரி கிழிந்து வந்துவிடும். கம்பி வளையங்களால் சீட்டுக் கூட்டில் இழுத்துக் கட்டும் முன் வெயிலில் அரை மணி போட்டால் நன்றாக இளகும். மிச்சிகனில் டிசம்பரில் வெயிலுக்கு எங்கே போக? தலைமுடி உலர்த்துகிற மெஷினைப் பிடித்தேன். முதல் சீட் கோணலாக வந்தது. பிரித்துத் திரும்பத் தைத்தேன். அதில்தான் இப்போது இவர் உட்காருகிறார்.

கார் ஆம்பளைகள் சமாச்சாரம் என்று யார் சொன்னது? 1888-ல் உலகின் முதல் நீண்ட கார்ப் பிரயாணத்தைச் செய்தவள் பெர்த்தா பென்ஸ் என்ற பெண்மணி. புருஷனிடம் சொல்லாமல், இரண்டு பையன்களையும் ஏற்றிக்கொண்டு, ஜெர்மனியில் நூறு கிலோமீட்டருக்கு மேல் போய் அம்மா வீட்டில் இறங்கினாள். வழியில் எண்ணெய்க் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சரி செய்தாளாம். அவ்வளவு ஏன், அமெரிக்காவில் முதல் மஸ்டாங்கை வாங்கியதே ஒரு பெண்தான் என்பார்கள். சிகாகோவில் கெயில் என்ற 22 வயசு டீச்சர், கம்பெனி அறிவித்த தேதிக்கு இரண்டு நாள் முன்பே, 1964 ஏப்ரல் 15-ம் தேதி, நீல நிற வண்டியைக் கடைக்குப் பின்னாலிருந்த துணியை விலக்கிக் காட்டச் சொல்லி வாங்கிப் போய்விட்டார். அப்பா அம்மாவிடம் கடன் வாங்கித்தான்! பிறகு கல்யாணம், பிள்ளைகள்; வண்டி 27 வருஷம் ஷெட்டில் தூங்கியது. கணவர் ஓய்வு பெற்றபின் அவர்களே அதைப் புதுப்பித்தார்கள். தூக்கிப் போட்டுவிடுங்கள் என்று அந்த அம்மாள் எத்தனை தடவை சொல்லியிருப்பாரோ, எனக்குத்தான் தெரியும்.

எங்கள் வண்டி 2025 ஜூலையில் ரோட்டுக்கு வந்தது. அப்போது அம்மா இங்கே வந்திருந்தாள். ஆகஸ்டு மூன்றாவது சனிக்கிழமை டெட்ராய்ட் பக்கம் உட்வர்டு அவென்யூவில் பழைய கார்களெல்லாம் ஊர்வலம் போகும்; 1995 முதல் நடக்கிற திருவிழா. எங்கள் ஊர்ப் பங்குனி உத்திரத் தேர்க்கூட்டம் மாதிரிதான், தேருக்குப் பதில் கார். பின் சீட்டில் இடுப்பு பெல்ட் மட்டும்தான், பிள்ளை சீட்டைப் பூட்டும் கொக்கி கிடையாது. அதனால் பையனோடு நான் வீட்டில் நின்றுகொண்டேன். அம்மா முன் சீட்டில் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். எட்டு சிலிண்டரும் உறுமியபோது பையன் என் காலைக் கட்டிக்கொண்டான். அம்மா கண்ணாடியை இறக்கி, "எங்கய்யா வேட்டில வர்ற அதே வாசம்ட்டி" என்று சொன்னாள். வேறொன்றும் சொல்லவில்லை.

இருட்டிய பிறகு திரும்பினார்கள். பையன் "அப்பா" என்று ஓடினான். அம்மா காரிலிருந்து இறங்காமலே ஒரு குரல் கொடுத்தாள்:

"மாப்பிள்ளை, கை கால் கழுவிட்டுப் பிள்ளையத் தூக்குங்க!"

இவர் ஏற்கெனவே வாசல் குழாயடியில் நின்றுகொண்டிருந்தார்.